வரிசையில் அடுத்த மாடு

மகனே,

நேற்று மத்தியானம் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, "உம்மா, நீங்க வேணாம்னு சொன்னா நான் போக மாட்டேன்" என்றாய். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். நாளை விடிகாலை ரயிலில் கண்டிக்குப் போய், அங்கிருந்து தியத்தலாவைக்குப் போக வேண்டியவன் நீ. ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு உன்னைத் தெரிவு செய்துவிட்டார்கள், உடம்பைச் சோதித்துவிட்டார்கள், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டும் வந்துவிட்டாய். இனி என் வாயிலிருந்து ஒரு வார்த்தைதான் பாக்கி. இன்று நீ யட்டவத்தைக்குச் சாச்சாவிடம் சலாம் சொல்லிவரப் போயிருக்கிறாய். நீ திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இந்தப் பேச்சை நான் எப்போதோ உன்னோடு பேசியிருக்க வேண்டும். பேச வரும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போது உனக்கு இருக்கிற வயதுதான். உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவள். பரீட்சைக்குப் பயப்படவில்லை. உன் விஷயத்தில் மட்டும் காய்ச்சலுக்கும் பயம், ஆற்றுக்கும் பயம், பஸ்ஸுக்கும் பயம். இப்போது துவக்குக்கும் பயம்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. பிள்ளையை அந்த உடுப்புக்கு அனுப்பும் எந்தத் தாயும் படிக்கலாம். போன கிழமை யட்டவத்தை மைதானத்தில் ஜெனரலின் இறுதிச் சடங்கில் மரியாதை வேட்டு வைத்தார்களே, வாப்பாவும் நீயும் நானும் போய் நின்றோமே, அன்று மேடையில் அவருடைய வாழ்க்கையை வாசித்தார்கள். இந்த மலைப்பக்கத்து பஸ் டிரைவர் ஒருவரின் மகன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு படையில் சேர்ந்தவர். கெப்டனாக இருந்தபோது வடக்கில் கடற்களப்பு ஓரத்து முகாம் ஒன்றில் சுற்றிவளைக்கப்பட்டு, முற்றுகையை உடைத்து ஆட்களை வெளியே கொண்டுவந்தவர். அதற்குப் பதக்கம். பிறகு ஒரு படைப்பிரிவு, பிறகு பெரிய பெரிய படைகள், உடம்பில் எடுக்க முடியாத இரும்புத் துண்டுகள், ஒரு காதில் செவிடு. கடைசியில் மிளகுக் கொடி படர்ந்த வீட்டில் ஓய்வு. வாசித்ததில் எதுவும் பொய்யில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "நான் போன பிறகு சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது சொன்னால் நானே இல்லை என்றுவிடுவேன்" என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்தபோது நீ சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். ஜீப் சத்தம் கேட்டதும் மாட்டுப் பட்டிக்குள் ஓடி ஒளிந்தாய். உன் வாப்பாவின் தொழில் ஊருக்கே தெரியும். வில்கமுவப் பக்கத்து வயற்காரர்களிடம் உழுது ஓய்ந்த எருதுகளையும் பால் வற்றிய பசுக்களையும் வாங்கி லொறியில் ஏற்றி வந்து, வீட்டுக்குப் பின்னால் பட்டியில் கட்டி, ஒவ்வொன்றாக அறுக்கும் மடுவத்துக்கு அனுப்பி, உக்குவளைக் கடையில் இறைச்சி விற்பவர். ஜெனரல் வந்தது ஜீவித தானத்துக்காக. அறுக்கப் போகும் மாட்டை விலைக்கு வாங்கி விடுவித்து, பிக்குமார் பிரித் ஓதிய நூலைக் கொம்பில் கட்டி, இனி இதை அறுக்கக் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யும் ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சிங்கள ஆட்கள் பிறந்தநாளுக்கும் நோய் தீரவும் இதைச் செய்வார்கள். ஜெனரல் செய்தது ஒவ்வொரு வருடமும் அந்தக் களப்பு முகாம் விழுந்த நாளில்.

வாப்பாவிடம் தமிழில் பேசத்தான் முதலில் வாயைத் திறந்தார். "இறங்கு" என்றார், "நட" என்றார், பிறகு தானே சிரித்துவிட்டுச் சிங்களத்துக்கு மாறினார். இறங்கு, நட, கையைத் தூக்கு, சொல்லு. வடக்கில் அவருக்குத் தேவைப்பட்ட தமிழ் அவ்வளவுதான். "உங்கள் மொழியில் எனக்குச் சுகம் விசாரிக்கத் தெரியாது, முதலாளி" என்றார். பட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அடுத்தது எது?" நாளைக்கு மடுவத்துக்குப் போவது எது என்பதுதான் அவர் கேட்டது.

உன் வாப்பா காட்டியது அடுத்ததை அல்ல. அங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது. வாப்பா அதைக் காசுக்காகச் செய்யவில்லை, பெரியவரை ஏமாற்றவும் இல்லை. குர்பானுக்கு மாடு எடுக்கும் கண் அவருக்கு. அல்லாஹ்வுக்குக் கொடுப்பது என்றால் நொண்டி கூடாது, குருடு கூடாது, மெலிந்தது கூடாது, கொம்பு முறிந்தது கூடாது. தர்மத்துக்குக் கொடுக்கும் மாடு யார் தர்மமாக இருந்தாலும் குறையில்லாததாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. அதோடு, வந்திருப்பவர் ஜெனரல். அவருக்குப் போய் விலா தெரிகிற கிழட்டுப் பசுவையா காட்டுவது? முதல் வருடம் பட்டியில் இருந்ததிலேயே நல்ல எருதைக் காட்டி, "இதுதான் சேர்" என்றார். அடுத்த வருடத்திலிருந்து அந்த நாள் நெருங்க நெருங்க ஊர் ஊராகத் தேடி, அறுக்க யாரும் நினைத்தே பார்க்காத, கொழுத்த, திமில் நிமிர்ந்த காளையாக வாங்கி வந்து கட்டிவைத்தார். ஜெனரல் அதன் முதுகைத் தடவி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, வில்கமுவைக்கு அனுப்புவார். அந்த முகாமில் செத்த பையன்களின் வீடுகளுக்கு, ஒரு வருடம் ஒரு வீடு. உண்மையில் அடுத்ததாக இருந்த மாடு மறுநாள் காலையில் மடுவத்துக்கு நடக்கும். எனக்கும் அது தெரியும். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாடு பிழைக்கிறது, ஒரு ஏழை வீட்டுக்கு நல்லது நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் செவலைக் காளையை நீ மறந்திருக்க மாட்டாய். தோட்டத்துப் பட்டி ஒன்றில் பொலிக்காக வளர்த்தது. நுகத்தடி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. லொறியில் ஏற்றும்போது பலகையை உதைத்து உடைத்தது. அது போனது கோப்ரல் ஒருவனின் தகப்பன் அப்புஹாமியிடம். மெலிந்த கிழவர். வயதான உழவு மாடு ஒன்று வருகிறது, வாழ்நாள் முழுக்கக் கயிற்றுக்குப் பழகியது என்று நம்பி, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் மேய்க்கப் போயிருக்கிறார். அது திரும்பிக் குத்தியது. கொம்பு விலாவுக்குக் கீழே இறங்கி முதுகுப் பக்கமாக வந்ததாம். கயிறு கையில் சுற்றியிருந்ததால் குத்தியும் விடாமல் வயல் நெடுக இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து சூழ்ந்து, முதலில் காலைக் கொத்தி, விழுந்த பிறகு கழுத்தைக் கொத்தி, சத்தம் அடங்கின பிறகும் கொத்திக்கொண்டே இருந்தார்களாம். உயிர் கொடுத்து அனுப்பிய மாடு. செத்துக் கிடந்தபோதும் அதன் கொம்பில் பிரித் நூல் இருந்திருக்கிறது.

கிழவரை அடக்கம் செய்த மறுநாள் காலையில் ஜெனரல் நம் பட்டிக்கு வந்தார். ஜீப்பை வழியிலேயே விட்டுவிட்டுக் கருங்காலித் தடியோடு நடந்து வந்தார். நீ வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாய். நான் பின்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "முதலாளி, உழுது தேய்ந்து வெட்டுக்கு வந்த மாடு இப்படியா குத்தும்?" என்று கேட்டார். வாப்பா, மாடுதானே சேர், எந்த நேரம் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஜெனரல் உன் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு வார்த்தை சொன்னார்.

"சொல்லு."

சுளகு என் கையிலிருந்து நழுவியது. அந்த வார்த்தையை அவர் எங்கே கற்றார், யாரிடம் சொல்லிப் பழகினார், கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. நீ வைக்கோலைக் கீழே வைத்தாய். அவருக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாய்: "அது வெட்ட வந்த மாடு இல்ல சேர். வாப்பா உங்களுக்குன்னே தேடி வாங்கினது. எல்லா வருஷமும் அப்படித்தான். வெட்ட இருந்தது வேற."

"அது எங்கே?"

"அடுத்த நாளே வெட்டியாச்சு சேர். ஒவ்வொரு வருஷமும்."

தடி வாப்பாவின் முகத்தில் விழுந்த சத்தம், காய்ந்த தேங்காயை உடைப்பது போல இருந்தது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அடுத்த அடி தோளில். வாப்பா சாணிக்குள் முழங்காலிட்டு விழுந்தார். கை தூக்கவில்லை, தடுக்கவில்லை. மூன்றாம் முறை தடி மேலே போனபோது நீ தூண் பக்கம் நின்றிருந்தாய். தூணில் மாட்டுக் கத்தி தொங்கியது. உன் கை அதன் பிடியைத் தொட்டதை நான் பார்த்தேன் மகன். இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. உன் கை போனதைப் பார்த்தேன், வெறுங்கையாகத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். பிறகு நீ வாப்பாவின் மேல் குப்புற விழுந்து அவரை மூடிக்கொண்டாய். விழுந்தபடியே சொன்னாய்: "கேட்டீங்க, சொன்னேன். அதுக்கு அடி இருந்தா எனக்கு அடிங்க. சொன்னது நான்."

தடி அப்படியே நின்றது. அவர் திரும்பி நடந்துவிட்டார்.

மறுநாள் நீ வாப்பாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் காயம் கழுவக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது அவர் வந்தார். கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. வெயில் ஏறிய பிறகும் நின்றுகொண்டே இருந்ததால் கதிரையை வாசலில் போட்டேன். தேநீர் கொடுக்கவில்லை. நல்ல சிங்களத்தில், பல்கலைக்கழகத்தில் படித்த சிங்களத்தில், ஒரு மாட்டுக்காக ஒரு மனிதனின் முகத்தை உடைப்பீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அவர் அந்த முகாமைப் பற்றிச் சொன்னார்.

தண்ணீர் முடிந்திருந்தது. ஷெல் விழுந்துகொண்டே இருந்தது. காயப்பட்டவர்களைச் சமையற்கூடத்துக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மருந்தும் இல்லை, புண்ணில் ஈ ஓட்டக் கை தூக்கவும் ஆளில்லை. அந்தி சாயும் நேரம் களப்பு வழியாக உடைத்துக்கொண்டு போவது என்று முடிவு. சுமந்துகொண்டு தண்ணீரில் நடக்க முடியாது. அன்று கெப்டனாக இருந்த இவர் பங்கருக்குள் இறங்கி வரிசையின் ஒரு பக்கத்திலிருந்து விரலைக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறார். நீ எழும்பு. நீ எழும்பு. எழும்ப முடிந்தவர்கள் எழும்பினார்கள். நொண்டியும் குருடும் கிடந்தார்கள். வரிசையில் அடுத்துக் கிடந்தவன் அந்தக் கோப்ரல், அப்புஹாமியின் மகன். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. "சேர், நாங்க?" என்று கேட்டிருக்கிறான். "ஹெலிகொப்டர் வருது. அடுத்தது நீங்கதான்" என்றிருக்கிறார் கெப்டன். ஹெலி எதுவும் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். கோப்ரல் தண்ணீர் கேட்டான். அவர் தன் போத்தலைக் கொடுத்தார். அது காலி. அவன் அதைத் தூக்கிப் பார்த்து, காலி என்று தெரிந்தும் "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டானாம்.

"நெஞ்சளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தோம்" என்றார். "பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. சண்டைச் சத்தம் இல்லை நோனா. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. வரிசையாக."

பிறகு சொன்னார்: "ஒவ்வொரு வருடமும் நான் கேட்டது வரிசையில் அடுத்துக் கிடந்தவனை. உங்கள் புருஷன் எனக்கு மறுபடியும் மறுபடியும் நடக்கக் கூடியவனைக் காட்டினார். நானும் அவனையே கூட்டிக்கொண்டு போனேன். கிடந்தவன் மறுநாள் காலையில் செத்தான். கடைசியில் அவனுடைய தகப்பனையும் நானே கொன்றேன். மகன் துவக்கைப் பிடித்தபடி செத்தான் என்று அந்த மனிதர் நம்பியிருந்தார். போகும்போதெல்லாம் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார்."

நீங்கள் இருவரும் திரும்பி வந்தபோது அவர் இன்னும் அந்தக் கதிரையில்தான் இருந்தார். எழும்பித் தடியை வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். தையல் போட்ட புருவம் இழுக்க இழுக்க, "குர்பானுக்கு எடுக்கிற மாதிரி எடுத்தேன் சேர். நல்லதைக் கொடுக்கணும்னு. உங்களுக்கு நொண்டி மாட்டைக் காட்டினா ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்காதா?" என்றார். குர்பான் என்றால் என்னவென்று ஜெனரல் கேட்டார். நீதான் விளக்கினாய். குறையில்லாததைத்தான் கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்டதும், அப்படியென்றால் உங்கள் பக்கம் பிழையில்லை என்றார். அப்போதுதான் நான் தேநீர் ஊற்றினேன்.

அடுத்த வருடம் அவர் "அடுத்தது எது?" என்று கேட்டபோது காட்டியது நீ. ஒற்றைக் கண், இடுப்பில் ஆறாத புண், நின்றால் ஆடுகிற பசு. அது அறுவடைக்கு முன்னே செத்துவிட்டது. வில்கமுவையிலிருந்து சேதி வந்ததும் ஜெனரல் சந்தோஷப்பட்டார் என்று நீ வந்து சொன்னாய். "படுத்துச் செத்தது, யாரோ பக்கத்தில் இருந்தாங்களாம்" என்றாராம். அதன் பிறகு நீ அடிக்கடி அவர் வீட்டுக்குப் போனாய். உன் வாப்பாவின் முகத்தில் தழும்பு போட்டவரிடம் இவன் ஏன் போகிறான் என்று நான் எரிந்தேன். ஒருநாள் நீ சொன்னாய், ஏதோ ஒரு பங்கருக்குள் உன்னைப் போல ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தால் என்று அவர் பாதியில் நிறுத்திவிட்டாராம். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய பாவத்துக்கு என் பிள்ளையா மருந்து என்று எனக்குக் கோபம் வந்தது. இன்னமும் அது முழுதாகப் போகவில்லை. ஆனால் என் பயம் வேறு. ஊரில் கேட்கிறார்கள், உங்கள் மகன் துவக்குப் பிடித்து யாரைச் சுடப் போகிறான் என்று. எனக்கு அந்தப் பயம் இல்லை. கத்தியிலிருந்து திரும்பி வந்த கையை நான் பார்த்தவள். அந்தப் பங்கருக்குள் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எண்ணிப் பார்த்தேன். கெப்டனிடம், பொய் சொல்லாதீங்க சேர், ஹெலி வராது என்று சொல்லியிருப்பாய். சரி. அதற்குப் பிறகு? உன்னை நான் பெற்றேன், எனக்குத் தெரியும். நடக்க முடிந்தும் நீ நடந்திருக்க மாட்டாய். வாப்பாவின் மேல் விழுந்ததுபோல, கால் இல்லாத அந்தப் பையனின் பக்கத்தில் படுத்திருப்பாய். அந்த வெடிச்சத்தங்களில் ஒன்று உன்னுடையதாக இருந்திருக்கும். என் பயம் இதுதான். நட, தண்ணீரில் இறங்கு, திரும்பிப் பார்க்காதே, என்னிடம் வா என்றுதான் நான் கத்தியிருப்பேன். எந்தத் தாயும் அப்படித்தான் கத்துவாள். கோப்ரலின் தாயும் எங்கேயோ ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்திருப்பாள். அவள் பிள்ளையின் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று ஆயுள் முழுக்க நினைத்திருப்பாள்.

அதனால் உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. இரண்டு விஷயம் கேட்கிறேன். உனக்குக் கீழே இருக்கும் ஒருவனிடமும், வராத ஹெலியை வருகிறது என்று சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. போனில் "ஒண்ணுமில்ல உம்மா, நல்லாயிருக்கேன்" என்று காலிப் போத்தலை நீட்டாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அதைத் தாங்க எனக்குத் தெரியும். தாங்க முடியாவிட்டாலும் கேட்கத் தெரியும்.

இன்று அந்த முகாம் விழுந்த நாள். நீ கவனித்தாயோ தெரியாது. ஜீப் வராது. ஆனாலும் வாப்பா சுபஹ் தொழுதுவிட்டுப் பட்டிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நாளைக்கு மடுவத்துக்குப் போக இருந்த அந்தக் கறுப்புப் பசுவை, முன்கால் நொண்டுகிறதே அதை, அவிழ்த்தார். ரோட்டுப் பக்கம் கொண்டுபோகவில்லை. பின்னால் பலாமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போய்க் கட்டி, வாளியில் தண்ணீர் வைத்தார். அவர் தொழிலில் இதுவரை செய்யாத காரியம். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, புருவத் தழும்பைச் சொறிந்துகொண்டே, மகன் என்ன முடிவாம் என்று கேட்டார். முடிவை என்னிடம் கேட்டிருக்கிறான் என்றேன். அவர் பசுவின் நெற்றியைத் தடவினார். "அப்ப சொல்லு புள்ள" என்றார்.

அதே வார்த்தை. நம் வாயில் அது எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது.

உன் பையை நான் கட்டிவிட்டேன். இரண்டு சாரம், துவாய், கறுவாத் தைலம், சாச்சி கொடுத்த தொதல். இந்தக் கடிதம் துவாய்க்கு அடியில் இருக்கும். விடிகாலையில் நான்தான் உன்னை எழுப்புவேன், ஸ்டேஷனுக்கும் வருவேன். அழ மாட்டேன் என்று சொல்லவில்லை. போயிட்டு வா மகன். நீ திரும்பி வருவாய் என்று எனக்கு யாரும் வாக்குத் தரவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

உம்மா